எடுத்து வைத்த கோப்பு

பின்னலாடைப் பட்டறையின் ஜன்னல் வெயில் இயந்திரங்கள்மேல் கோணலாக விழுகிறது, எதுவும் ஓடவில்லை. ஸ்வெட்டர் வடிவங்களெல்லாம் ஒரு பழைய மென்பொருளில் இருக்கின்றன. கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் மெய்நிகர் இயந்திரத்தில்தான் அது வேலை செய்யும். இன்று அது திறக்க மறுக்கிறது. சாயங்காலம் சரக்கு ஏற்ற வேண்டும். முதலாளியம்மாவின் கொழுந்தன், கணினி பழுது பார்ப்பவன், பிழைச் செய்தியை மறுபடி படிக்கிறான். "அண்ணி, இந்த டிஸ்க் ஃபைல்ல பின்னாடி செஞ்ச மாத்தம் மட்டும்தான் இருக்கு, தனியா நிக்காது. இதுக்கு அடியில ஒரு பழைய ஃபைல் இருக்கணும். அதைக் காணோமே?" அண்ணியின் கை நூற்கண்டிலேயே நின்றுவிடுகிறது. "இடத்தை அடைக்குதுன்னு நான்தான்..." "அழிச்சிட்டீங்களா?" "ஐயோ, இல்ல தம்பி. பென் டிரைவ்ல மாத்தி வச்சேன்." இழுப்பறையில் பட்டன்களுக்கும் ஊசிகளுக்கும் நடுவே அவள் விரல்கள் துழாவுகின்றன.  கிடைத்த பென் டிரைவை அவன் வாங்கி, முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, பழைய இடத்தில் பழைய பெயரிலேயே போடுகிறான். கோப்பு ஏறுவதைக் காட்டும் நீலக் கோடு மெல்ல நகர்ந்து நிறைகிறது. மென்பொருள் திறந்து, திரையில் ஒரு குழந்தை ஸ்வெட்டரின் வடிவக் கட்டங்கள் விரிகின்றன. "இனிமே இதுல கையே வைக்க மாட்டேன்பா." "வைங்க அண்ணி. ஒரு வார்த்தை கேட்டுட்டு வைங்க." அவள் சிரிக்கவில்லை; ஓடிப்போய் சுவிட்சைத் தட்டுகிறாள். முதல் இயந்திரத்தின் பின்னும் பகுதி இடமும் வலமுமாக ஓடத் தொடங்க, அதன் அடியில் மஞ்சள் துணி விரல் நீளத்துக்கு இறங்குகிறது.