மின்னுவுக்கு வந்த நோய்

"கேட்டைத் தொடாதே பிரிசில்லா. அங்கேயே நில்லு."

முகக்கவசத்துக்கு மேல் புடவைத் தலைப்பையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு, போர்ட்டிகோவில் இருந்தபடியே சொன்னாள் அமிர்தவல்லி. வேலைக்காரி பிரிசில்லா இரண்டடி பின்னால் போய்ச் சாலையோரம் நின்றாள். முட்டுக்காட்டு வெயில் மண்டையைப் பிளந்தது. கோவளத்தில் இருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள், இன்றைக்கு நடந்தே வந்திருந்தாள். குரங்கு வியாதி வந்த வீட்டில் வேலை செய்கிறவளை ஏற்றிக்கொள்ள எந்த ஆட்டோவும் தயாராக இல்லை.

குரங்கு என்றால் நம் ஊர்க் குரங்கு இல்லை. உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும், காதோரம் வெள்ளைப் பஞ்சாக முடி, பூர்வீகம் பிரேசில். அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று எங்கேயோ சொல்லி வைத்து வாங்கி வந்த மகன் நிதின், அடுத்த வாரமே பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மின்னு என்று பெயர் வைத்து, ஆறு மாதமாக மடியை விட்டு இறக்காமல் வளர்த்தாள் அமிர்தவல்லி. போன வாரம் மின்னுவுக்கு வாயெல்லாம் புண். இரண்டே நாளில் செத்துப்போனது. அதைப் புதைத்துவிட்டு வந்து கண்ணாடி பார்த்தவளுக்கு, தன் உதட்டோரப் புண்ணைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது.

அன்றிலிருந்து அவள் கணவர் சதாசிவம் செல்போனும் கையுமாக இருந்தார். கல்பாக்கத்தில் முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற மனிதர். இப்போது எந்தக் குரங்கிடமிருந்து எந்த வைரஸ் வரும் என்று படித்துப் படித்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒண்ணு மூளைக்கே போகுமாம்," என்றார்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன்," என்றாள் அமிர்தவல்லி.

கேட்டுக்கு வெளியே பிரிசில்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், டாக்டரு எப்போ வருவாரு?"

"கிளம்பிட்டாராம். மின்னுகிட்ட எடுத்த சாம்பிளோட ரிசல்ட் வந்துடுச்சு. மின்னுவைத் தொட்டவங்க எல்லாரும் இருக்கணும்னு சொல்லியிருக்கார்."

"இன்னா ரிசல்ட்டுன்னு எதுனா சொன்னாரா சார்?"

"நேர்லதான் சொல்வாராம்."

பிரிசில்லா கையைத் தூக்கிக் காட்டினாள். "கூண்டு கழுவுறப்போ அதோட நகம் என் கையில கீறிடுச்சு சார். எனக்கு இன்னா வேணா ஆவட்டும். எம் பொண்ணு கவியாவத் தொட்டு அஞ்சு நாள் ஆவுது. வூட்டுக்குப் பின்னால தார்ப்பாய் கட்டிகினு தனியாத்தான் கீறேன். எம் புருசன் தட்டுல சோத்தப் போட்டு, தூர வெச்சிட்டுப் போவுறாரு. புள்ள ஸ்கூல் வுட்டு வந்தா கிட்ட ஓடியாருது. கல்லெடுத்து அடிப்பேன்னு சொல்லித் தொரத்திக்கினு கீறேன்."

சதாசிவத்துக்கும் தொண்டை லேசாகக் கரகரப்பது போல இருந்தது.

ஒருவழியாகக் கால்நடை மருத்துவர் பார்த்தசாரதியின் கார் வந்து நின்றது. இறங்கியவர் முகத்தில் முகக்கவசம் இல்லை. கேட்டைத் திறந்து, "வெயில்ல ஏம்மா நிக்கிறீங்க, உள்ளே வாங்க," என்று பிரிசில்லாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அமிர்தவல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"டாக்டர், அவ கூண்டைக் கழுவினவ."

"இருக்கட்டும். நீங்க பயப்படுற மாதிரி குரங்கு வைரஸ் எதுவுமே அதுகிட்ட இல்ல. மின்னு செத்தது மனுஷ வைரஸால."

மூவரும் அவரையே பார்த்தார்கள்.

"நமக்கு உதட்டுல கொப்புளம் வருமே, அந்தச் சாதாரண வைரஸ். நமக்குப் பத்து நாள் தொல்லை, அவ்வளவுதான். இந்த மாதிரிக் குட்டிக் குரங்குக்கு விஷம்."

"அப்போ நான் எம் புள்ளயத் தொடலாமா சார்?"

"தாராளமாத் தூக்கிக் கொஞ்சுங்கம்மா. கீறலுக்கு மட்டும் ஒரு ஊசி போட்டுக்குங்க."

பிரிசில்லா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை.

அமிர்தவல்லிக்கும் பயம் போய்விட்டது. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"மனுஷங்ககிட்டேருந்துன்னா, யார்கிட்டேருந்து டாக்டர்?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. நம்மள்ல நிறையப் பேர் உடம்புல வெளியே தெரியாம இருக்கும். எச்சில் வழியாத்தான் போகும்."

"இதுல சொல்ல முடியாம என்ன இருக்கு? இவதான். இவ எச்சில் எப்படியோ பட்டுத்தான் என் மின்னு போயிருக்கு. அதுகிட்டேருந்து எனக்கும் வந்திருக்கு. சுத்தம்னா என்னன்னே தெரியாத இடத்துலேருந்து வர்றவளை உள்ளே விட்டது என் தப்பு."

"அப்படித்தான் இருக்கும்," என்றார் சதாசிவம்.

"நாளையிலேருந்து நீ வர வேணாம் பிரிசில்லா."

மருத்துவர் சங்கடமாகப் பிரிசில்லா பக்கம் திரும்பினார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்க எச்சில் பண்ணின பாத்திரம் எதுலயாவது அது வாய் வெச்சுதா?"

பிரிசில்லா முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எட்டு வருசமா இந்த வூட்ல தனி டம்ளர் சார், பின்பக்கம் குழாயாண்ட கவுத்து வெச்சிகீது," என்றாள். "மின்னுதான் அம்மா டம்ளர்ல குடிக்கும்."