நடுவில் பேசும் அக்கா

நானும் என் மனைவியும் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து பாட்காஸ்ட் பேசுகிறோம். இரண்டு மைக், இரண்டு நாற்காலி. முதல் வருடம் அதைக் கேட்க நாதியில்லை. நேயர்களுக்காக வாட்ஸ்அப் குழு தொடங்கிய பிறகுதான் சூடு பிடித்தது.

"மூணு பேருமே கலக்குறீங்க" என்று அதில் எழுதினார்கள். "நடுவுல பேசுற அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் குடுங்க."

"யாரோ நம்மளக் கலாய்க்கிறாங்க" என்றாள் மனைவி. பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். எங்கள் இரண்டு குரல்கள்தான் இருந்தன. ஆனாலும் சேர்ந்த கூட்டத்தைக் கலைக்க மனம் வரவில்லை. "அக்கா உங்க எல்லாரையும் விசாரிச்சாங்க" என்று பதில் போட்டேன். அன்றைக்குக் குழுவே இதயங்களால் நிரம்பியது.

நேற்று முதல் நேயர் சந்திப்பு. அரங்கில் நிற்க இடமில்லை. மேடையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவிலிருந்ததைக் காலியாக விட்டு, நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அக்கா எங்கே என்று யாரும் கேட்காதது பெரிய நிம்மதி.

வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். முன்வரிசைப் பெண் உதட்டில் விரல் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் சார். அவங்க முடிக்கட்டும்."

எல்லோரும் நடு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அரங்கமே வெடித்துச் சிரித்தது.

சற்றுப் பொறுத்து, என் மனைவியும் சிரித்தாள்.