ஏரிக்கு வந்த ஏழு ஜாக்கெட்

கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்து ஏழு தொழிலாளர்கள் மூழ்கிப்போனார்கள். 'ஏழு பேரும் லைஃப் ஜாக்கெட் அணியவில்லை. நிறுவனம் பொறுப்பல்ல' என்று அறிக்கை தயாராகிவிட்டது. பாதுகாப்பு அதிகாரி புவனா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அதற்காகத்தான் கொடைக்கானலில் கூட்டம்.

முதலில் ஏரியில் படகு சவாரி. பன்னிரண்டு பேர் போய், சிரிப்பும் செல்ஃபியுமாகக் கரையேறினார்கள். கழற்றிப் போட்ட ஜாக்கெட்டுகளைப் படகுத்துறை இத்ரீஸ் எண்ணினார். பத்தொன்பது.

"என்னங்க சார், குடுத்ததுக்கு மேல திருப்பித் தர்றீங்க? தாராளமான கம்பெனிதான்!"

மேலாளர் ஜெயமுருகன்கூடச் சிரித்துவிட்டார். கூடுதலாக இருந்த ஏழும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஏழிலும் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. இத்ரீஸ் ஒன்றை முகர்ந்தார்.

"கடல் வாடையில்ல அடிக்குது! சரி, மிதக்குதான்னு போட்டுப் பாக்கணும். தெனமும் உள்ள சோலிதாங்க, வெரசா முடிச்சிர்றேன்."

பன்னிரண்டு மிதந்தன. ஏழும் கல்லைப்போல மூழ்கின.

"மழை வர்ற மாதிரி இருக்கு. கையெழுத்துப் போடும்மா, கெளம்பலாம்" என்றார் ஜெயமுருகன்.

"போடுறேன் சார்."

புவனா 'அணியவில்லை' என்பதை அடித்து, 'அணிந்திருந்தார்கள். அவை மிதக்கவில்லை' என்று எழுதினாள். 'பொறுப்பல்ல' என்பதில் 'பொறுப்பு' மட்டும் மிஞ்சியது. கையெழுத்துப் போட்டாள்.

தண்ணீருக்கடியில் ஏழு ஆரஞ்சு நிறங்கள் எழுந்து, வரிசையாக ஏரியின் நடுவை நோக்கி நடந்தன.

"போயிட்டு வாங்கண்ணே!" என்று இத்ரீஸ் உற்சாகமாகக் கையசைத்தார்.