புதருக்குள் போன பந்து

சிட்னி கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் நொயலுக்கு மனம் பொறுக்கவில்லை. அவன் உயிராய் ரசித்த பழைய சினிமா கதாநாயகன் கதிர்வேந்தன், கூட ஆடிய தொந்திக்காரரிடம் தோற்றுக்கொண்டிருந்தார். அவர் அடித்த பந்து மூன்றாம் முறையாகப் புதருக்குள் போனதும், யாரும் பார்க்காத நேரம் நொயல் அதை எடுத்துக் குழியருகே வைத்துவிட்டான்.

கதிர்வேந்தன் தேடிக்கொண்டு வந்தார். "இங்க விழுந்த பந்து எங்கப்பா?"

"யோசிக்காதேங்கோ சேர். குழிக்குப் பக்கத்தில வச்சிட்டன். இனி நீங்கதான் வெல்லுவியள்."

அவர் பதறிப்போய்த் தொந்திக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"அடப்பாவி, அவர் தயாரிப்பாளர்யா. பத்து வருஷமா படமே இல்லாத எனக்கு அப்பா வேஷம் தர்றேன்னிருக்கார். அவரை ஜெயிக்க வைக்க நான் எவ்வளவு பாடுபட்டு இங்க அடிச்சேன் தெரியுமா? ஓடு, அதை எடுத்துட்டு வந்து இதே புதர்ல போடு. இன்னும் கொஞ்சம் உள்ளயே தள்ளிப் போடு."