ஒன்பதாம் விதியின் உள்நோக்கம்

“சாசனத்தின் எழுத்து வெறும் உடல். எழுதியவர்களின் எண்ணமே உயிர். அதை அறிய, அவர்கள் அன்று சபையில் பேசியதைப் படிக்க வேண்டும்!”

திண்டிவனத்து நகர் நலச் சங்கக் கூடத்தில், அரசியல் சாசன தினத்தன்று, சங்கத் தலைவர் வக்கீல் ஜெகதீசன் இப்படி முழங்கியபோது கைதட்டலைவிட வடை வாசனைதான் பலமாக இருந்தது.

இரண்டாம் தெரு பிரபாவதி எழுந்தாள். “சார், எம் பொண்ணு நிச்சயத்துக்கு இந்தக் கூடத்தைக் கேட்டேன். பழைய குடும்பங்களுக்கு மட்டுந்தான், ஒம்பதாம் விதின்னுட்டாங்க. அதை எழுதினவங்க எண்ணம் இன்னாங்க?”

“கூடம் சுத்தமா இருக்கணும்னுதாம்மா. வேற கெட்ட எண்ணம் இருக்காது.” செயலாளர் பக்கம் திரும்பினார். “அப்பாதுரை, அந்த விதி போட்ட கூட்டத்து மினிட்ஸ் நோட்டை எடுத்து மைக்ல படிய்யா.”

“வேணாம் சார். அப்புறமா பாத்துக்கலாம்.”

“மறைக்க இன்னா இருக்குது? படி!”

அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டு படித்தார். “‘காலனி ராயப்பன் மகன் வாத்தியாராகி இங்கே மனை வாங்கிவிட்டான். நாளைக்குக் கூடம் கேட்பான். நேராக மறுத்தால் கேஸ் ஆகும். பழைய குடும்பங்கள் என்று எழுதிவிட்டால் போதும்.’”

“அந்த வாத்தியாரு எங்க வூட்டுக்காரருங்க” என்றாள் பிரபாவதி.

ஜெகதீசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரோ செய்த பாவத்துக்குத் தான் கூனிக் குறுகுவதை நினைத்து, அவருக்குத் தன்மீதே கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

“இதைச் சொன்னது யாருய்யா?”

“மை அழிஞ்சிருக்குதுங்க.”

ஜெகதீசன் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய பக்கம்.

மை அழியவில்லை. பெயர் அவருடையது.