மூன்றாவது கம்பம்

குவாரியின் மேற்குச் சுவர் சரிந்து மொக்கையனை மூடி அரை மணி நேரம் ஆகிவிட்டது. அவனுடைய ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த சின்ன மின்னணு வில்லை மட்டும் மண்ணுக்குள்ளிருந்து சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று கம்பங்களில் கட்டியிருந்த பெட்டிகள் அதை வாங்கி, ஆள் கிடக்கும் இடத்தைக் கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டின. அந்த இடத்தில் இடுப்பளவு தோண்டியும் வெறும் கல்தான் வந்தது.

"இன்னும் கீழ போங்க," என்றாள் என்ஜினியர் ஜெபராணி.

"கெணறா மேடம் வெட்டுறோம்? மூச்சு நிக்கிறதுக்குள்ள ஒழுங்கா காட்டச் சொல்லுங்க அத," என்று கத்தினான் குழிக்குள் தோண்டிக்கொண்டிருந்த சோணை.

அவனோடு தோண்டிக்கொண்டிருந்த இருளப்பன் கடப்பாரையை நிறுத்தினான். மொக்கையன் அவன் தங்கை புருஷன்.

"மேடம், அந்த மூணாவது கம்பம் லாரி திரும்ப எடைஞ்சலா இருந்துச்சு. போன வாரம் நாந்தான் புடுங்கித் தள்ளி நட்டேன்."

"எந்தப் பக்கம்? எவ்வளவு?"

"கெழக்கால. அளக்கலயே மேடம்."

"ஓடிப் போயி அளய்யா! கம்பம் பழைய எடத்துலயே நிக்குதுன்னு நெனச்சுல்ல இது கணக்குப் போடுது!"

இருளப்பன் கம்பத்தின் பழைய குழியிலிருந்து அது இப்போது நிற்கும் இடம் வரை அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே போனான். திரும்பவும் ஒருமுறை எண்ணினான். "பதினாலு அடி!"

ஜெபராணி கணினியில் கம்பத்தின் இடத்தை மாற்றினாள். புள்ளி நகர்ந்தது. தோண்டிய மண்ணையும் கல்லையும் அவர்கள் இவ்வளவு நேரம் கொட்டிக் குவித்திருந்த மேட்டுக்கு அடியில் போய் நின்றது.

கடப்பாரையைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. இருளப்பன் மண்டியிட்டு, வெறுங்கையால் மேட்டை வாரத் தொடங்கினான்.