சுவருக்கு அந்தப் பக்கம்

“பதினாறாயிரத்து நானூத்தி அம்பது ரூபா. எண்ணிக்கம்மா” என்று நாகரத்தினம் பணத்தை மேசையில் வைத்தார். “அந்தாளு காதுல விழுற மாதிரி சத்தமா எண்ணு.”

அந்தாளு என்றது பழனியாண்டியை. தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் பழைய பொருளாளர். சங்கம் கூடும், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில், சுவரோரப் பெஞ்சில், குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். பேச்சு நின்று இருபத்தொரு வருடம்.

சங்கத்தின் புதிய செயலாளர் சுதர்ஷினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன கடன் என்று கேட்டாள்.

“எம் பொஞ்சாதி வீரம்மாவ அடக்கம் பண்ணின கடன். நாளைக்கு நான் கந்தப்பளைக்கு மக வீட்டுக்கே போயிடுறேன். கடங்காரனா இந்தத் தோட்டத்த விட்டுப் போக ஏலாது. மாட்ட வித்துட்டேன்.”

சுதர்ஷினி பழைய லெட்ஜரைத் தேடி அலுமாரியைக் குடைந்தாள். அவள் தேடி முடிக்கும்வரை நாகரத்தினம் சும்மா இருக்கவில்லை. தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

பதினான்கு வயதில் பேர் பதிந்து வேலைக்கு வந்தவர். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினார், தண்ணீர்க் கான் வெட்டினார், மருந்து அடித்தார். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் யாருக்கும் பெயர் கிடையாது, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டு நம்பர்தான். அவர் நூற்றுப் பதினேழு. பக்கத்தில் நிற்கிற பழனியாண்டி நூற்றுப் பதினெட்டு. ஒருவர் ரொட்டியை மற்றவர் பிய்த்துத் தின்ற காலம் அது. பிறகு சம்பளம் பற்றாமல், தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். பேர் வெட்டினால் சம்பளத்தில் சங்கக் காசு பிடிக்க வழியில்லை. பாக்கி விழுந்தது. பதினாலாவது மாதம் வீரம்மா கொழுந்து மலையில் விழுந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

“ஓடி வந்தேன். பொணத்த வெச்சுக்கிட்டு சங்கத்துக்கு வந்து நிக்கிறேன். அத்தன பேருக்கு முன்னால எந்திரிச்சு நின்னு, பாக்கி இருக்கு, சட்டப்படி ஒரு சதம் குடுக்க ஏலாதுன்னு சொன்னவரு யாரு தெரியுமா? எங்கூட முப்பது வருசத்துக்கு மேல பெரட்டுல நின்ன மனுசன்.”

பெஞ்சில் இருமல் சத்தம் கேட்டது.

அன்று மாலையே சங்கத்திலிருந்து பெட்டியும் கூடாரமும் சீனி தேயிலையும் வந்து இறங்கின. கடனாகத் தருகிறோம் என்று ஒரு புத்தகத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அப்போது அவருக்கு எழுத்துத் தெரியாது. திரும்பக் கொழும்புக்குப் போய், வடை சுற்றுகிற பேப்பரை எழுத்துக்கூட்டித்தான் படிக்கப் பழகினார். அங்கேயே மகன் தர்ஷனை டெங்குக் காய்ச்சலுக்குக் கொடுத்தார். பிறகு நுவரெலியாவில் மரக்கறி லொறியில் வேலை, கடைசியில் இங்கேயே காவல் வேலை. இத்தனை வருடத்தில் சங்கம் ஒருநாளும் அந்தக் கடனைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவருக்குக் குத்தலாகப் பட்டது. எங்கே இவன் கட்டப் போகிறான் என்ற இளக்காரம். லயத்து வீட்டில் இருக்கிற நாளெல்லாம், சாயங்காலம் ஆனால் சுவரைப் பார்த்து நின்று திட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது.

“சுதா, அந்தக் காசத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு” என்றார் பழனியாண்டி, டம்ளரைப் பார்த்தபடி. “அது சங்கத்துக்குச் சேராது.”

“பார்த்தியாம்மா? எங்காசுகூட அவருக்குத் தீட்டு.”

சுதர்ஷினி லெட்ஜரைக் கண்டுபிடித்துவிட்டாள். தூசியைத் தட்டிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“தாத்தா, இதுல பாக்கி ஒண்ணும் இல்லியே. எப்பவோ கட்டி முடிச்சிருக்கு.”

“யாரு? யூனியனா?”

“பேரு போடல. யாரோ பொறுப்பு நின்னிருக்காங்க. அவங்க சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சிருக்காங்க.”

“இங்க குடு. நானே பார்க்கிறேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். வீரம்மா அடக்கச் செலவு. ரூபாய் பதினாறாயிரத்து நானூற்று ஐம்பது. மாதம் முந்நூற்றைம்பது வீதம், நாற்பத்தேழு மாதம். அதற்குக் கீழே ஓரத்தில் அவருடைய கைநாட்டு மங்கிப்போய் இருந்தது. பக்கத்தில் ஒரு செக்ரோல் நம்பர்.

நூற்றுப் பதினெட்டு.

நாகரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். பணத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று நீட்டினார்.

பழனியாண்டி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“சுதா, இருவத்தொரு வருசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு திட்டினாரே, அதுலயே கழிஞ்சுபோச்சுன்னு அவருகிட்ட சொல்லிடு.”

சொல்லிவிட்டு, பெரட்டில் நூற்றுப் பதினேழு நிற்கிற இடப்பக்கம் காலியாகும்படி, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.